இரண்டாவது திறப்பு

எங்கள் முதலாளி நேசராஜா சேர் அந்தக் கட்டளையைச் சொன்னபோது அறைக்குள் மூன்று பேர்தான் இருந்தோம்: அவர், ஷெரோன், நான். கதவைச் சாத்தச் சொன்னார். எங்கள் கந்தோரில் கதவு சாத்துகிற வழக்கம் இல்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில், பதினொரு பேர் வேலை செய்கிற சின்னக் கொம்பனி அது. கீழே கம்பி வெட்டுகிற சத்தத்துக்குள் ஒருவருக்கொருவர் கத்தித்தான் கதைப்போம். எதையும் இரகசியமாகச் சொல்ல எங்களுக்கு வசதியும் இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை.

அந்தக் கட்டளை என்னவென்று சொல்வதற்கு முன் எங்கள் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பல வருடங்களாக நாங்கள் வெளிநாட்டுக்காரருக்குத் துண்டு துண்டாக மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வேலை எந்த நாட்டில் எந்த இயந்திரத்துக்குள் போகிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. படகுப் பெட்டிதான் நாங்கள் முதன்முதலாக எங்களுடையது என்று சொன்ன பொருள். செம்மஞ்சள் நிறம், ஒரு செங்கல் அளவு. படகின் முன்பக்கத்து அணியத்தில் பூட்டிவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படகு எங்கே நிற்கிறது என்று வீட்டுப் போனுக்குச் சொல்லும். ஆபத்தென்றால் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அப்போது மட்டும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் மீட்புக்குப் போகிறவர்களுக்கும் இடம் தெரியவரும்.

அதற்கு மூலகாரணம் ஷெரோன். அவள் குருநகர்ப் பிள்ளை. அவளின் அண்ணன் றெஜி ஒருமுறை எஞ்சின் பழுதாகி மூன்று நாள் கடலில் மிதந்தவர். நாலாம் நாள் பருத்தித்துறைக்கு அப்பால் வேறு படகுக்காரர் கண்டு இழுத்துவந்தார்கள். அந்த மூன்று நாளும் தாய் செபஸ்தியம்மா யாகப்பர் கோயில் வாசலை விட்டு எழும்பவில்லை. ஷெரோன் அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். எங்களிடம் வேலைக்கு வந்து முதல் மாதத்திலேயே அந்தப் பெட்டியின் படத்தை ஒரு கொப்பித் தாளில் கீறிக்கொண்டு சேரிடம் போனாள். அவர் ஓம் என்றார். அதையும் நான் இங்கே சொல்லவேண்டும். அவர் ஓம் என்றிராவிட்டால் பெட்டியே இல்லை.

ஆனால் கடற்றொழிலாளர்கள் இலேசில் சம்மதிக்கவில்லை. மீன் படுகிற இடத்தை ஒருவன் சொந்த மச்சானுக்கும் சொல்லமாட்டான். "எங்கடை இடத்தை ஊருக்குக் காட்டுற பெட்டியோ?" என்று கேட்டார்கள். அதனால் ஷெரோன் ஒரு பூட்டுச் செய்தாள். பெட்டி அனுப்புகிற செய்தி பூட்டுப்பட்டுத்தான் வரும். அதைத் திறக்கிற திறப்பு, அதாவது சாவி, படகுக்காரரின் வீட்டுப் போனில் மட்டும் இருக்கும். செய்தி எங்கள் கொம்பனியின் கொம்பியூட்டர் வழியாகத்தான் போகும். ஆனால் எங்களாலும் அதை வாசிக்க முடியாது. சங்கத் தலைவர் அடைக்கலநாதன் இதை எழுத்திலும் வாங்கிக்கொண்டார். புதுப் புரோகிராம் போடும்போதெல்லாம், "ஆபத்துப் பொத்தானை அழுத்தாதவரை, வீட்டாரைத் தவிர வேறு எவராலும் படகின் இடத்தைப் பார்க்க முடியாது" என்று ஒரு பொறியியலாளர் கையெழுத்திட்ட தாள் தரவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. முதல் தாளில் ஷெரோன் கையெழுத்திட்டாள். அறுபத்திரண்டு படகுகளில் பெட்டி ஏறியது.

இனி, சாத்திய கதவுக்குள் நடந்ததைச் சொல்கிறேன்.

"புதுப் புரோகிராமிலை ஒரு சின்ன வேலை கூடச் செய்யவேணும்," என்றார் நேசராஜா சேர். "வீட்டுக்காரரின்ரை திறப்பு இருக்கிறமாதிரி இன்னொரு திறப்பும் வேணும். எல்லாப் பெட்டியையும் திறக்கிற ஒண்டு."

"ஆருக்கு சேர்?" என்று கேட்டாள் ஷெரோன்.

"கொழும்பிலை ஒரு மீன் ஏற்றுமதிக் கொம்பனி எங்களோடை சேரப்போகுது. எந்தப் படகு எங்கை மீன் பிடிக்குதெண்டு பாக்க அவை கேக்கினம். அவையோடை சேர்ந்தால் இந்தப் பெட்டி இலங்கை முழுக்கப் போகும்."

"அப்ப சங்கத்திட்டைக் கேப்பம். அவை ஓமெண்டால் வெளிப்படையாவே செய்யலாமே."

"கேட்டால் ஓமெண்டுவினமோ?"

"மாட்டினம்."

"அதாலைதான் கேக்கேல்லை."

பிறகு ஷெரோன் சொன்னாள்: "இதை எழுத்திலை தாங்கோ சேர்."

"ஏன் பிள்ளை, என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"அந்தப் புரோகிராம் வரியளிலை என்ரை பேர் இருக்கப்போகுது. செய்யச் சொன்னவரின்ரை பேரும் எங்கையாவது இருக்கவேணும்தானே."

அவர் சிரித்தார். ஆனால் எழுத்தில் தரவில்லை.

அடுத்த நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஷெரோனுக்குப் பிடிவாதம் கூட என்றார். எனக்குத் திறமை இருக்கிறது, ஆனால் அவளின் நிழலில் நிற்கிறேன் என்றார். புதுப் புரோகிராமுக்கு நான்தான் பொறுப்பு என்றார். நான் வட்டுக்கோட்டைப் பெடியன். வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். பெரியவர்கள் சொன்னால் செய்வது எனக்கு இரத்தத்தில் ஊறியது. அதைவிட, அவர் சொன்னது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு நாளில் எழுதினேன். நாற்பது வரிதான். இவ்வளவு பெரிய வாக்கை உடைக்க இவ்வளவு சின்ன வேலை போதும் என்று எனக்கே ஆச்சரியம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷெரோன் என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் திரையை மூடவில்லை. ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறீர் றூபன்," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் உண்மையைத்தான் சொன்னாள். அது வடிவான வேலைதான்.

"சேர்தானே சொன்னவர்," என்றேன்.

"சேர் சொன்னதுக்கு என்ன சாட்சி? இதிலை உம்மடை பேர் இருக்கு. திகதி இருக்கு, நேரமும் இருக்கு. அவரின்ரை பேர் எங்கை?"

நான் தேடினேன். எங்கும் இல்லை. மின்னஞ்சலிலும் இல்லை, போனிலும் இல்லை. மூன்று வருடமாக எனக்கு எல்லா வேலையையும் மின்னஞ்சலில் எழுதித் தந்த மனிதர், இந்த ஒரு வேலையை மட்டும் வாயால் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேருமாக ஷாமினி அக்காவிடம் போனோம். என் பெரியப்பாவின் மகள். யாழ்ப்பாணம் நீதிமன்றத்தில் சட்டத்தரணி. வட்டுக்கோட்டை வீட்டின் விறாந்தையில் கதிரை இழுத்துப் போட்டு இருத்தினாள். எங்கள் வேலை ஒப்பந்தங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். முழுவதையும் வாசித்து முடிக்கும் வரை தேத்தண்ணியைத் தொடவில்லை.

"முதலிலை கெட்ட செய்தி," என்றாள். "கணினிக் குற்றச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அனுமதி இல்லாமல் மற்ற ஆக்களின்ரை தகவலுக்குள்ளை போறது குற்றம். போறதுக்கு வழி செய்து குடுக்கிறவனும் அதுக்குள்ளை மாட்டுப்படலாம். கொம்பனியைத் தனியப் பிடிப்பினம், எழுதினவனைத் தனியப் பிடிப்பினம். 'சேர் சொன்னவர்' எண்டு நீதவானிட்டைச் சொல்லித் தப்பேலாது, றூபன்."

"பொலிசோ நேவியோ கேட்டால்?" என்று கேட்டேன்.

"நீதிமன்றக் கட்டளையோடை ஒரு படகைப் பற்றிக் கேட்டால் அது வேறை கதை. இது அப்பிடியோ? அறுபத்திரண்டு படகையும், எந்த நேரமும், ஒருத்தருக்கும் சொல்லாமல் பாக்கிறதுக்கு. அதுவும் பாக்கேலாது எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்தாப் பிறகு."

"அப்ப நான் எழுதினதை இப்பவே அழிச்சுப்போடுறன்."

"தொடாதை!" அக்கா கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். "அழிச்சால் தடயத்தை அழிச்சவன் ஆவாய். வீட்டை ஒரு வரியும் கொண்டுவரவும் கூடாது. பேப்பர்காரரோடை கதைக்கவும் கூடாது. கொம்பனி இரகசியம் காக்கிறன் எண்டு ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சிருக்கிறியள். செய்தாலும் வழக்கு, பிழையா மறுத்தாலும் வழக்கு. அதாலை சரியா மறுக்கவேணும்."

பிறகு ஒப்பந்தத்தில் ஓர் இடத்தைப் பென்சிலால் கோடிட்டாள். "சட்டபூர்வமான பணிப்புரைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும்" என்று இருந்தது.

"இந்தச் 'சட்டபூர்வமான'தான் உங்கடை பலம். ஆனால் நூறு வீதம் எண்டு நான் சொல்லமாட்டன். ஒரு நீதவான் எப்பிடிப் பாப்பார் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வேலை போகலாம். யோசிச்சுச் செய்யுங்கோ."

திரும்பி வரும்போது ஷெரோன் ஸ்கூட்டியை நவாலியில் நிறுத்தினாள். பின்னால் வந்த நானும் நிறுத்தினேன். "எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "வீட்டிலை மாதச் சம்பளம் எடுக்கிற ஆள் நான் மட்டும்தான்." ஐந்து நிமிடம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

திங்கட்கிழமை காலை அவள் அனுப்பிய மின்னஞ்சல் ஐந்து வசனம். கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் அறையில் இன்ன வேலையைச் செய்யச் சொன்னீர்கள். அது சங்கத்துக்குக் கொடுத்த வாக்குக்கும், எனக்குத் தெரிந்தவரை சட்டத்துக்கும் மாறானது. ஆகவே என்னால் செய்ய முடியாது. நான் விளங்கிக்கொண்டது பிழையானால் எழுத்தில் திருத்துங்கள். மற்ற எல்லா வேலையையும் வழமைபோலச் செய்வேன். அரை மணி நேரத்தால் நானும் ஒன்று அனுப்பினேன். என்னுடையதில் ஆறு வசனம். நாற்பது வரி எழுதியதையும், அதை வெளியிட நான் சம்மதிக்கவில்லை என்பதையும் ஆறாவதில் சேர்த்தேன்.

பதில் எழுத்தில் வரவில்லை. மத்தியானத்துக்கு முன் ஷெரோனை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். அனுமதிக் குச்சியைத் தந்துவிட்டுப் போகச் சொன்னார் சேர். அது விரல் அளவான ஒரு கருவி. அதைக் கொம்பியூட்டரில் செருகி அனுமதித்தால்தான் படகுப் பெட்டிகள் புதுப் புரோகிராமை ஏற்கும். உலகத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். ஷெரோனின் பொறுப்பில் இருந்தது.

படியில் அவளை மறித்தேன். "குடுக்காதையும். துலைஞ்சுபோச்சுது எண்டு சொல்லும். பண்ணைக் கடல் கிட்டத்தானே இருக்கு."

"கடலிலை எறிஞ்சால் நான் கள்ளி றூபன். அவருக்கும் அதுதான் வேணும்." சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனாள். குச்சியை மேசையில் வைத்தாள். எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, யாரிடம் ஒப்படைத்தாள் என்று தாளில் எழுதி, சேரிடம் கையெழுத்து வாங்கினாள். தான் செய்த பூட்டை உடைக்கிற கருவியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு படியிறங்கிப் போனாள். அதைப்போல ஒரு துணிச்சலை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று பின்னேரம் சேர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். சங்கத்துக்குக் கொடுக்கிற தாள். "கையெழுத்து வையும்."

"மாட்டன் சேர்."

"உம்மையும் நிப்பாட்டவேண்டி வரும்."

"ஓம் சேர்."

அந்த இரண்டு பதிலையும் சொன்னது நான்தான். அவர் என்னை நிப்பாட்டவில்லை. புரோகிராமை ஏற்றத் தெரிந்தவன் மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை குருநகரில், கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம். புதுப் புரோகிராம் போட எல்லாப் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மேசையில் அறுபத்திரண்டு செம்மஞ்சள் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கையெழுத்தில்லாத தாளோடு நேசராஜா சேர் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே வந்திருந்தார். பார்க்காமல் விடுவார்கள் என்று நினைத்திருக்கலாம். அடைக்கலநாதன் கண்ணாடியைப் போட்டு, தாளை மேலிருந்து கீழாக வாசித்தார்.

"உதிலை கையெழுத்து இல்லையே," என்றார்.

"அது ஒரு சின்னச் சடங்குதானே தலைவர். பிறகு வைச்சுத் தாறம்."

"ஷெரோன் எங்கை?"

"லீவிலை நிக்கிறா."

அடைக்கலநாதன் போனை எடுத்தார். அவள் வீடு ஐந்து நிமிட நடை. கொஞ்ச நேரத்தில் மண்டப வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் றெஜி அண்ணை, மீன்வாசம் போகாத கையோடு செபஸ்தியம்மா. நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உண்மையைச் சொன்னால் இரகசியத்தை மீறியவள் ஆவாள். சொல்லாவிட்டால் இந்தச் சனங்களை ஏமாற்றியவள் ஆவாள்.

"பிள்ளை," என்றார் அடைக்கலநாதன், "இந்தப் புதுசுக்குள்ளை என்ன இருக்கு?"

"கொம்பனிக்குள்ளை நடக்கிறதை வெளியிலை கதைக்க எனக்கு உரிமை இல்லை மாமா."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சேரின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடைக்கலநாதன் தாளை அவள் பக்கம் நீட்டினார். "அப்ப இதிலை கையெழுத்து வைப்பியோ?"

"பழைய புரோகிராமுக்கு வைச்சனான். அந்தக் கையெழுத்து இண்டைக்கும் நிக்குது. ஆரும் கேக்கலாம், நான் பதில் சொல்லுவன். புதுசுக்கு வைக்கமாட்டன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஓர் இரகசியமும் வெளியே வரவில்லை. ஆனால் விளங்காதவர் ஒருவரும் அந்த மண்டபத்தில் இல்லை.

"நீர் தம்பி?" அடைக்கலநாதன் என் பக்கம் திரும்பினார். "நீர் வைப்பீரோ?"

நேசராஜா சேர் என்னையே பார்த்தார். "நானும் வைக்கமாட்டன்," என்றேன்.

பின்வரிசையில் யாரோ எழும்பினார். "அப்ப எங்களுக்குப் பழசு காணும், புதுசு வேண்டாம்!" என்றார். அவர் முன்னால் வந்து தன் படகின் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். மற்றவர் போனார். இன்னொருவர் போனார். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. பத்து நிமிடத்தில் மேசை வெறுமையானது. செபஸ்தியம்மா மகளின் கையைப் பிடித்திருந்தார். அவருக்குப் புரோகிராம் என்றால் என்னவென்று தெரியாது. பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "என்ரை பிள்ளை கையெழுத்து வைக்காட்டி, அதிலை ஏதோ பிழை இருக்கு."

அடுத்த கிழமை சேரின் சட்டத்தரணியிடமிருந்து ஷெரோனுக்குக் கடிதம் வந்தது. கொம்பனியின் இரகசியத்தை வெளியிட்டு நட்டம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. ஷாமினி அக்கா இரண்டு பக்கத்தில் பதில் எழுதினாள். ஐந்து வசன மின்னஞ்சலையும், குச்சியை ஒப்படைத்த தாளையும் இணைத்தாள். கூட்டத்தில் ஷெரோன் சொன்ன வசனங்களைச் சொல்லுக்குச் சொல் எழுதி, இதில் எது இரகசியம் என்று காட்டுங்கள் என்று கேட்டாள். பதில் வரவில்லை. ஆனால் வழக்கு இல்லை என்றும் வரவில்லை. ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், அப்படியே போனது. ஷெரோன் மெலிந்துபோனாள். காலையில் தாயோடு மீன் சந்தைக்குப் போய் நின்றாள். சிலர் வேறு வேலைக்கு வரச் சொன்னார்கள். இடைநிறுத்தம் முடியாமல் போகமாட்டேன் என்றாள்.

ஒரு வியாழக்கிழமை நேசராஜா சேர் குருநகருக்குத் தன் காரில் போனார். என்னையும் ஏற்றிக்கொண்டார்; ஏன் என்று சொல்லவில்லை. ஷெரோன் வீட்டு முற்றத்தில் றெஜி அண்ணை கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சேரைக் கண்டதும் எழும்பினார், ஆனால் வாங்கோ என்று சொல்லவில்லை. செபஸ்தியம்மாதான் கதிரை கொண்டுவந்து வைத்தார்.

சேர் கதிரையின் நுனியில் இருந்தார். "கொழும்பு ஆக்களிட்டைக் கேட்டனான்," என்றார். "நீங்கள் கேக்கிற இரண்டாவது திறப்பை எழுத்திலை கேளுங்கோ, பிறகு செய்யிறன் எண்டு."

"என்ன சொன்னவை?" என்று கேட்டாள் ஷெரோன்.

"உப்பிடியான விசயத்தை எழுத்திலை தாறேல்லையாம். ஏதும் நடந்தால் கொம்பனிதான் பொறுப்பாம். கொம்பனியெண்டால் நான்." ஷெரோன் பக்கம் திரும்பினார். "நீர் என்னட்டைக் கேட்டபோது நானும் அப்பிடித்தான் சிரிச்சனான் என்ன?"

"ஓம் சேர்."

"அவையோடை இனி இல்லை. கடிதம் குடுத்திட்டன். வழக்குக் கதையையும் எழுத்திலை கைவிட்டாச்சு, இந்தாரும்." உறையை நீட்டினார். "திங்கட்கிழமை வாரும்."

ஷெரோன் உறையைப் பிரித்து வாசித்தாள். அவசரப்படவில்லை. பிறகு சொன்னாள்: "வாறன். ஆனால் பூட்டைத் தொடுற எந்த வேலையும் இனி எழுத்திலை வரவேணும். ரெண்டு பேர் பாத்து ஓமெண்ட பிறகுதான் பெட்டிக்குப் போகவேணும். அந்த ரெண்டு பேரிலை ஒராள் றூபன்."

சேர் தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கியது. நான் எழுதிய நாற்பது வரியை வாசித்தவள் அவள். வாசித்த பிறகும் என் பெயரைச் சொன்னாள்.

செபஸ்தியம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். றெஜி அண்ணை அப்போதுதான் வாய் திறந்தார். "இருந்து குடியுங்கோ சேர்," என்றார்.

இப்போது நெடுந்தீவிலிருந்தும் மயிலிட்டியிலிருந்தும் படகுக்காரர் பெட்டி கேட்டு வருகிறார்கள். இலங்கை முழுக்கப் போகவில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் எங்கள் கதை முன்னால் போய் நிற்கிறது. அந்த நாற்பது வரியும் கொம்பனிப் பதிவுகளில் இன்னும் இருக்கிறது, என் பெயரோடு, வெளியிடப்படாமல். அதைக் கண்டால் இன்றைக்கும் கூசும். போன மாதம் வட்டுக்கோட்டையில் ஒரு கலியாண வீட்டில், எங்கே வேலை செய்கிறாய் என்று ஒருவர் கேட்டார். முன்பெல்லாம் கொம்பனியின் பெயரைச் சொல்வேன், ஒருவருக்கும் தெரியாது.

"குருநகர் ஷெரோனோடை," என்றேன்.

"ஓ, அந்தப் பிள்ளையோ!" என்று அவர் தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.